ஒரு செமஸ்டர் வெளியே படித்தால் மதிப்பெண் எப்படி ஊர் திரும்பும்? ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்திலோ நெதர்லாந்திலோ பட்டப்படிப்புக்குச் சேர்ந்துவிட்டு, நடுவில் ஒரு செமஸ்டர் இத்தாலியிலோ போலந்திலோ படித்துவிட்டு வருவது ஐரோப்பாவில் சர்வசாதாரணம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய் அங்கே படிக்கிறவர்களும் இப்படிப் போய்வருகிறார்கள். கிளம்பும்போது விடுதி, அனுமதி அட்டை, பயணச்சீட்டு எல்லாவற்றையும் பார்க்கிறோம். அங்கே எழுதிய பரீட்சையின் மதிப்பெண் இங்கே எப்படி வந்து சேரும் என்ற கேள்வி திரும்பி வந்த பிறகுதான் வருகிறது. எனக்கும் அப்படித்தான். ஐந்து மாதம் காத்திருந்தேன். அதன்பிறகு, இந்த ஏற்பாடு உள்ளே எப்படி ஓடுகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். என்னிடம் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழே 'சொந்தப் பல்கலைக்கழகம்' என்று வருவது நீங்கள் பட்டம் வாங்கப்போகும் இடம். 'அயல் பல்கலைக்கழகம்' என்பது ஒரு செமஸ்டருக்குப் போய்ப் படிக்கும் இடம்.

மதிப்பெண் பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புகிறார்களே, அது டிஜிட்டல் பரிமாற்றம் இல்லையா?

இல்லை. அது காகிதத்தின் படம், அவ்வளவுதான். அதை ஒருவர் திறந்து, படித்து, தன் கணினியில் மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டும். பாடத்தின் பெயர் போலிஷ் மொழியில் இருக்கும், கிரெடிட் ஓர் ஓரத்தில் இருக்கும், மதிப்பெண் அளவுகோல் பின்பக்கத்தில் இருக்கும். தட்டச்சு செய்பவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் செமஸ்டர் முடிவில் நூற்றுக்கணக்கில் வரும்போது தவறு நேரும். பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் பல அலுவலகங்கள் அதை நம்புவதும் இல்லை. முத்திரையிட்ட உறையில் அசலைக் கேட்பார்கள்.

டிஜிட்டல் பரிமாற்றம் என்றால், அயல் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவு அமைப்பிலிருந்து உங்கள் பல்கலைக்கழகத்தின் அமைப்புக்குத் தகவல் நேராகப் போவது. பாடம், கிரெடிட், மதிப்பெண், தேதி ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில், கணினிக்குப் புரியும் வடிவில் இருக்கும். அனுப்பிய நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பமும் சேர்ந்திருக்கும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பச் சோதனையில் தெரிந்துவிடும்.

கிரெடிட் எல்லா நாட்டிலும் ஒன்றுதானா?

ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒரே கணக்குதான். ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டில் போய்ப் படித்துவர உதவும் ஐரோப்பியத் திட்டம் எராஸ்மஸ். 1989-இல் அதற்குள் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஈசிடிஎஸ் முறை இது. முழுநேரமாக ஓராண்டு படித்தால் 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் இல்லை, வீட்டில் படிப்பது, செய்முறை, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் இதில் சேரும். நம் ஊர்க் கல்லூரி கிரெடிட்டோடு இதை நேருக்கு நேர் ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிரெடிட் உழைப்பின் அளவு. நீங்கள் எவ்வளவு நன்றாகப் படித்தீர்கள் என்பது மதிப்பெண். இரண்டும் வேறு. அளவு ஒன்றாகிவிட்டது, மதிப்பெண் இன்னும் ஒன்றாகவில்லை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இத்தனை வருடமாகக் காகிதத்தில் ஓடியதுதானே, இப்போது மட்டும் என்ன அவசரம்?

எண்ணிக்கைதான் காரணம். எராஸ்மஸ் 1987-இல் தொடங்கியபோது 11 நாடுகள், 3,244 மாணவர்கள். அந்த அளவுக்குத் தபாலும் தொலைநகலும் போதும். இன்று ஆண்டுக்குப் பல லட்சம் பேர் போய்வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம், மாணவர் அங்கே என்ன படிப்பார் என்ற கற்றல் ஒப்பந்தம், அதில் திருத்தம், வந்து சேர்ந்த சான்று, கிளம்பிய சான்று, கடைசியில் மதிப்பெண் பட்டியல் என்று காகிதம் சேர்கிறது.

எம்ரெக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

மாணவரே தன் மதிப்பெண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும் வழி. எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2015 முதல் 2017 வரை எராஸ்மஸ் நிதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தின் சிஎஸ்சி என்ற அரசுத் தகவல் தொழில்நுட்ப மையம் முன்னின்று நடத்தியது. நார்வே, சுவீடன், டென்மார்க், இத்தாலி, போலந்து ஆகியவை சேர்ந்தன. பிறகு நெதர்லாந்து போன்ற நாடுகளும் வந்தன.

வேலை செய்யும் விதம் இப்படி. நீங்கள் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நுழைகிறீர்கள். 'வெளிநாட்டு மதிப்பெண்ணைக் கொண்டுவா' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நாடுகளின் பட்டியல் வரும். போலந்தில் படித்திருந்தால் போலந்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். உலாவி உங்களை அங்கே கூட்டிப்போகிறது. அங்கே படித்தபோது தந்த பயனர் பெயர், கடவுச்சொல்லால் நுழைகிறீர்கள். உங்கள் பாடங்கள் வரிசையாகத் தெரியும். எவற்றை அனுப்ப வேண்டுமோ அவற்றைத் தேர்ந்தெடுத்துச் சம்மதம் சொல்கிறீர்கள். கையொப்பமிட்ட கோப்பு உங்கள் உலாவி வழியாகவே சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறது. ஐந்து நிமிட வேலை.

இதில் கவனிக்க வேண்டியது, நடுவில் ஒரு பெரிய கிடங்கு இல்லை. ஐரோப்பிய மாணவர்கள் அத்தனை பேரின் மதிப்பெண்ணையும் ஒரே இடத்தில் குவித்து வைக்கும் கணினி எதுவும் கிடையாது. பொதுவாக இருப்பது ஒரு முகவரிப் பட்டியல் மட்டும்தான்: எந்த நாட்டின் மதிப்பெண் எந்த முகவரியில் கிடைக்கும், அதன் கையொப்பத்தைச் சரிபார்க்க எந்தச் சாவி என்பது. மதிப்பெண் அது பிறந்த இடத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் நகர்கிறது.

அந்தக் கோப்பில் என்னென்ன இருக்கும்?

எல்மோ என்ற வடிவம் அது. எக்ஸ்எம்எல் வகைக் கோப்பு. உங்கள் பெயர், பிறந்த தேதி, வழங்கும் நிறுவனம், ஒவ்வொரு பாடத்தின் பெயர், குறியீடு, கிரெடிட், மதிப்பெண், முடித்த நாள் ஆகியவை வரும். அந்த மதிப்பெண் எந்த அளவுகோலில் போடப்பட்டது என்ற விளக்கத்தையும் சேர்க்கலாம். அதே மதிப்பெண்ணை அங்கே எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற பரவலுக்கும் இடம் உண்டு. பிடிஎஃப் பட்டியலையும் இணைப்பாக வைக்கலாம்.

நீங்கள் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கத் தேவையில்லை. திறந்து சேமித்து மறுபடி அனுப்பாதீர்கள், கையொப்பம் செல்லாமல் போகும்.

அப்படியானால் 'எராஸ்மஸ் விதௌட் பேப்பர்' என்பது என்ன? இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. எம்ரெக்ஸில் மாணவர் தொடங்கினால்தான் எதுவும் நடக்கும். எராஸ்மஸ் விதௌட் பேப்பரில் பல்கலைக்கழகமும் பல்கலைக்கழகமும் நேராகப் பேசிக்கொள்கின்றன. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது நடக்கும்.

2015-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் முன்னின்று தொடங்கிய திட்டம் இது. இதற்கான பதிவேடு போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் உருவானது. அந்தப் பதிவேட்டிலும் மாணவர் விவரம் எதுவும் இல்லை, எந்தப் பல்கலைக்கழகத்தின் கணினி எந்த முகவரியில் என்ன சேவை தருகிறது என்பதுதான் இருக்கிறது. சொந்தமாக மென்பொருள் எழுத முடியாத சிறிய நிறுவனங்களுக்கு இணையத்திலேயே இந்த வேலையைச் செய்ய ஒரு தளம் தந்திருக்கிறார்கள். சிலர் மொபிலிட்டி ஆன்லைன், மூவ்ஆன் போன்ற வணிக மென்பொருள் வழியாக இணைகிறார்கள்.

2021 முதல் 2027 வரையிலான எராஸ்மஸ் காலத்தில் இது படிப்படியாகக் கட்டாயம் ஆகிறது. முதலில் கற்றல் ஒப்பந்தங்களும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களும் வந்தன. மதிப்பெண் பட்டியல் வரிசையில் பின்னால் நிற்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. மாணவருக்கு மிகவும் வலிக்கும் இடம் மதிப்பெண் தாமதம்தான், அதைத்தான் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

நல்ல செய்தி ஒன்று: இங்கேயும் மதிப்பெண் பட்டியலுக்கு எல்மோ வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வழிகளுக்கும் கோப்பு ஒன்றே என்பதால், ஒன்றுக்குத் தயாரான பல்கலைக்கழகத்துக்கு இன்னொன்று பெரிய பாரம் இல்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எம்ரெக்ஸ் இல்லை என்கிறார்கள். பக்கத்து நாட்டில் மட்டும் எப்படி இருக்கிறது?

நாட்டின் அமைப்பைப் பொறுத்தது. சுவீடனில் ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களும் லடோக் என்ற ஒரே மாணவர் பதிவு அமைப்பைப் பயன்படுத்துகின்றன. நார்வேயிலும் அப்படி ஒரு பொது அமைப்பு உண்டு. பின்லாந்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் எல்லாருடைய பதிவும் விர்டா என்ற தேசியச் சேவையில் ஒன்றுசேர்கிறது. போலந்தில் பல பல்கலைக்கழகங்கள் யூசோஸ் என்ற அமைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. இப்படி ஒரு பொதுவாசல் இருக்கும் நாட்டில், அந்த ஒரு வாசலை எம்ரெக்ஸோடு இணைத்தால் நாடே இணைந்துவிடும்.

ஜெர்மனியில் கல்வி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மென்பொருளைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அங்கே ஒவ்வொரு வாசலாகத் தட்ட வேண்டும். அதனால்தான் பெரிய நாடுகள் பின்தங்கி, சிறிய வட ஐரோப்பிய நாடுகள் முந்தின.

உங்கள் பல்கலைக்கழகத்தில் வசதி இல்லையென்றால் காகிதமோ கையொப்பமிட்ட பிடிஎஃப்போதான் வழி. ஆனால் கேட்டுவிட்டு நம்புங்கள். வசதி இருந்தும் அலுவலகத்தில் இருப்பவருக்கே தெரியாத இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் வந்து சேர்ந்துவிட்டால் கிரெடிட் தானாகக் கணக்கில் ஏறிவிடுமா?

ஏறாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மதிப்பெண்ணைக் கொண்டுவருவது ஒரு வேலை, அதை ஏற்றுக்கொள்வது வேறொரு வேலை. முதலாவதைக் கணினி செய்யும். இரண்டாவதை உங்கள் துறையில் ஒரு மனிதர் முடிவு செய்கிறார். 'அங்கே படித்த புள்ளியியல் பாடத்தை இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக வைப்பது?' என்று அவர் யோசிக்க வேண்டும். அதைக் கிளம்பும் முன்பே யோசிக்க வைப்பதற்குத்தான் கற்றல் ஒப்பந்தம் இருக்கிறது.

கற்றல் ஒப்பந்தத்தில் இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவதில் அயல் பல்கலைக்கழகத்தில் என்னென்ன படிப்பீர்கள் என்று இருக்கும். இரண்டாவதில் அவற்றுக்கு ஈடாகச் சொந்தப் பல்கலைக்கழகத்தில் எவை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று இருக்கும். நீங்கள், சொந்தப் பல்கலைக்கழகம், அயல் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திட வேண்டும். மாணவர்கள் முதல் அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நிரப்புகிறார்கள், இரண்டாவதை அவசரத்தில் நிரப்புகிறார்கள். உங்கள் பட்டம் இரண்டாவதில்தான் இருக்கிறது. அதில் 'விருப்பப் பாடம், 30 கிரெடிட்' என்று ஒரே வரியில் எழுதலாமா, பாடத்துக்குப் பாடம் எழுத வேண்டுமா என்று துறையில் கேளுங்கள். என் அனுபவத்தில் மொத்தமாக எழுதுவதுதான் பின்னால் நிம்மதி. ஒரு பாடம் மாறினாலும் கணக்கு உடையாது.

அங்கே போன பிறகு வகுப்பு நேரம் இடித்தோ பாடம் ரத்தாகியோ மாற்றம் வரும். அதை வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் ஒப்பந்தத்தில் திருத்தி, மறுபடி மூவரின் ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். பேராசிரியர் தாழ்வாரத்தில் 'சரி, பரவாயில்லை' என்று சொன்னது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம், 1997-இல் லிஸ்பனில் கையெழுத்தான அங்கீகார உடன்படிக்கை உங்கள் பக்கம் நிற்கிறது. வெளிநாட்டில் படித்ததை மறுக்க வேண்டுமானால் கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று மறுக்கும் நிறுவனம்தான் காட்ட வேண்டும். பாடத்திட்டம் அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பது போதுமான காரணம் இல்லை.

28 வாங்கினேன், சொந்த ஊரில் அது எவ்வளவு?

இத்தாலியில் 28 என்றால் கொண்டாடலாம். அங்கே 18 தேர்ச்சி, 30 உச்சம். ஆனால் அதை நூற்றுக்கு மாற்றி, மறுபடி உங்கள் நாட்டு அளவுக்கு மாற்றுவது தவறான வழி. காரணம், ஒவ்வொரு நாடும் அளவுகோலை வேறு மாதிரிப் பயன்படுத்துகிறது. பிரான்சில் 20-க்கு 10 எடுத்தால் தேர்ச்சி, 16-ஐத் தாண்டுவது அரிது. அங்கே 15 எடுத்தவரை 75 சதவீதம் என்று கணக்கிட்டால் அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

எண் 5-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். பின்லாந்தில் அதுதான் உச்ச மதிப்பெண், போலந்திலும் அதுதான் வழக்கமான உச்சம். ஸ்பெயினில் பத்துக்கு 5 என்றால் மயிரிழையில் தேர்ச்சி. ஜெர்மனியில் 5.0 என்றால் தோல்வி, அங்கே 1.0 தான் சிறந்தது. பிரான்சில் இருபதுக்கு 5 என்பதும் தோல்விதான். தட்டச்சு செய்பவர் அளவுகோலைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டென்மார்க்கின் ஏழு படி அளவுகோல் இன்னும் சுவையானது: மைனஸ் 3, 00, 02, 4, 7, 10, 12. பூஜ்யத்தை ஏன் 00 என்றும் இரண்டை ஏன் 02 என்றும் எழுதுகிறார்கள்? முன்னால் ஒரு 1 போட்டு 0-ஐ 10 ஆகவும் 2-ஐ 12 ஆகவும் ஆக்கிவிட முடியாதபடிக்குத்தான் என்பார்கள். காகிதத்தில் திருத்திவிடுவார்களோ என்ற பயம் மதிப்பெண்ணின் வடிவத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது! கையொப்பமிட்ட கோப்புக்கு இந்தக் கவலை வேண்டாம்.

நியாயமான மாற்று வழி பரவல் அட்டவணை. அயல் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையில் 28-ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் நூற்றுக்கு இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பல்கலைக்கழகத்தில் மேலே உள்ள இருபது பேர் வாங்கும் மதிப்பெண் எதுவோ அதை உங்களுக்குத் தர வேண்டும். முன்பு ஏ முதல் இ வரை 10, 25, 30, 25, 10 சதவீதம் என்று பிரித்த ஒரு முறை இருந்தது. 2009-இல் வந்த ஈசிடிஎஸ் கையேடு அதைக் கைவிட்டு, பரவல் அட்டவணையைப் பரிந்துரைத்தது. அந்த அட்டவணையைக் கோப்பிலேயே வைத்து அனுப்ப முடிவதால்தான் டிஜிட்டல் வழி மாணவருக்கு நல்லது என்கிறேன்.

ஜெர்மனிக்கு விண்ணப்பித்த நம் மாணவர்களுக்கு 'பவேரியன் ஃபார்முலா' தெரிந்திருக்கும். உச்ச மதிப்பெண், தேர்ச்சி மதிப்பெண், நீங்கள் வாங்கியது ஆகிய மூன்றை வைத்து 1 முதல் 4 வரையிலான அளவுக்கு மாற்றுவது அது. பரவல் தெரியாத இடத்தில் அது கைகொடுக்கும். ஆனால் அந்த ஊரில் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுவார்களா, கஞ்சத்தனமாகப் போடுவார்களா என்பது அதற்குத் தெரியாது.

உங்கள் பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பாடத்துக்கு வெறும் 'தேர்ச்சி' என்று மட்டும் பதிகிறதா, மதிப்பெண்ணையும் மாற்றிப் போடுகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு வழக்கமும் உண்டு.

என் பெயரால் சிக்கல் வருமா?

வரும். தமிழர்களுக்கு இது குறிப்பாக வரும்.

எம்ரெக்ஸ் வழியாகக் கோப்பு வரும்போது, அதில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் சொந்தப் பல்கலைக்கழகம் தன் பதிவோடு ஒப்பிடுகிறது. அடுத்தவர் மதிப்பெண்ணை யாரும் கொண்டுவந்துவிடக்கூடாதே. நியாயமான சோதனைதான். ஆனால் ஐரோப்பிய அமைப்புகள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்துக் கட்டப்பட்டவை. நமக்கு இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். காலியாக விட்டால் படிவம் நகராது என்பதால் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளி வைத்திருப்பீர்கள், இன்னொன்றில் சொந்தப் பெயரையே இரண்டு முறை போட்டிருப்பீர்கள், மூன்றாவது இடத்தில் அலுவலர் தாமாக அப்பா பெயரைச் சேர்த்திருப்பார். மணிகண்டன் என்ற ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். தலைப்பெழுத்தை விரித்து எழுதியதா, சுருக்கி எழுதியதா என்பதும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது: அயல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, சொந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே கட்டத்தில் அதே எழுத்தில் போடுங்கள். மாணவர் அட்டை கைக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் கடவுச்சீட்டு நகலோடு போய் உடனே மாற்றச் சொல்லுங்கள். செமஸ்டர் முடிந்த பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

சுவீடனில் இன்னொரு விஷயம் உண்டு. அந்நாட்டு அடையாள எண் கிடைக்கும்வரை லடோக்கில் ஒரு தற்காலிக எண் தருவார்கள். நடுவில் உண்மையான எண் வந்தால், பழைய பாடமும் புதிய பாடமும் ஒரே பெயரின் கீழ் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய மாணவர் எண் என்று ஒன்று இருக்கிறதாமே, அது இதைத் தீர்க்காதா?

பெரும்பாலும் தீர்க்கும், எல்லா இடத்திலும் ஒழுங்காக வந்துவிட்டால். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வரும் ஒரே அடையாளம் அது. உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. அதன் கணக்கிலேயே எராஸ்மஸ் சேவைகளில் நுழையலாம். ஐரோப்பிய மாணவர் அட்டையும் இதே முயற்சியின் பகுதி. பெயரை வைத்து ஆளைத் தேடுவதை விட எண்ணை வைத்துத் தேடுவது நமக்கு எவ்வளவோ நல்லது.

எத்தனை நாளில் வர வேண்டும்? வரவில்லை என்றால்?

எராஸ்மஸ் விதிப்படி, தேர்வு முடிவு வெளியானதிலிருந்து வழக்கமாக ஐந்து வாரத்துக்குள் அயல் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலை உங்களுக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப வேண்டும்.

எனக்கு ஜனவரியில் பரீட்சை முடிந்தது. பட்டியல் தபாலில் ஜூன் மாதம் வந்தது. அதில் ஒரு பாடத்தைக் காணோம். ஆசிரியர் மதிப்பெண்ணைத் துறைக்கு அனுப்பியிருந்தார், துறையிலிருந்து மைய அலுவலகத்துக்குப் போகவில்லை. அந்த ஆறு கிரெடிட் இல்லாததால் உதவித்தொகையின் அடுத்த தவணை நின்றது. தங்கும் அனுமதியை நீட்டிக்கப் படிப்பில் முன்னேற்றம் காட்ட வேண்டும், அதற்கும் கையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாரமும் மின்னஞ்சல் போட்டேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் தங்கள் பகுதியைச் செய்திருந்தார்கள், பகுதிகளுக்கு நடுவில் என் மதிப்பெண் விழுந்துகிடந்தது.

ஐந்து வாரம் தாண்டினால் இரண்டு பக்க ஒருங்கிணைப்பாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள், தனித்தனியாக வேண்டாம். கற்றல் ஒப்பந்தத்தை இணையுங்கள். அனுமதி நீட்டிப்பு நெருங்கினால், 'இந்த மாணவர் இந்தப் பாடங்களை முடித்தார், பட்டியல் தயாராகிறது' என்று ஒரு கடிதமாவது கேட்டு வாங்குங்கள்.

அங்கே ஒரு பாடத்தில் அரியர் விழுந்துவிட்டது. அதை அனுப்பாமல் விடலாமா?

எம்ரெக்ஸில் எதை அனுப்புவது என்பது உங்கள் தேர்வு. ஆனால் கற்றல் ஒப்பந்தத்தில் இருந்த பாடம் வரவில்லை என்றால் துறை கேட்கும். மறைப்பதைவிட, மறுதேர்வை எப்போது எழுதலாம், தூரத்திலிருந்தே எழுத முடியுமா என்று அயல் பல்கலைக்கழகத்திடம் கேட்பது பயன் தரும். மறுதேர்வு எழுதினால் அந்த ஒரு பாடத்துக்காக மறுபடி ஒரு முறை எம்ரெக்ஸ் வழியாகக் கொண்டுவரலாம்.

என் மதிப்பெண்ணை யார் யார் பார்க்கிறார்கள்?

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். குடியுரிமை எதுவாக இருந்தாலும் சரி. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம்.

இந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அயர்லாந்தில் பீட்டர் நோவாக் என்பவர் கணக்காளர் தேர்வில் தோற்று, தன் விடைத்தாளைக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. விடைத்தாளும், அதில் திருத்தியவர் எழுதிய குறிப்பும் தேர்வு எழுதியவரின் தனிப்பட்ட தரவுதான் என்று 2017 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. அதற்காகத் தவறான விடையைத் திருத்திக்கொள்ளும் உரிமை கிடைக்கவில்லை, அதையும் நீதிமன்றமே சொல்லிவிட்டது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் இது உங்களுக்கு உதவும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பட்டத்தின் மதிப்பெண்ணும் இந்த வழியில் போகுமா?

போகாது. ஐரோப்பாவில் சேர விண்ணப்பிக்கும்போது நம் பட்டியலைப் பழைய வழியில்தான் தர வேண்டும். இந்தியாவில் டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ் கிடைக்கிறது, 2021-இல் கிரெடிட் வங்கியும் வந்தது. ஆனால் அவை இன்னும் இந்த ஐரோப்பிய வலையோடு கைகோக்கவில்லை. ஜெர்மனிக்குப் போகிற இந்திய மாணவர்களுக்கு அவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம் ஆனது. இருபக்கக் கணினிகளும் நேராகப் பேசினால் அந்தச் சரிபார்ப்புக் காத்திருப்பு எவ்வளவு குறையும் என்று நினைக்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கிறது.

பிளாக்செயின், மின்னணுப் பணப்பை என்றெல்லாம் பேசுகிறார்களே?

அவை முடிந்த பட்டத்துக்கும் சான்றிதழுக்கும் அதிகம் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோபாஸ் தளத்தில் மின்முத்திரையிட்ட சான்றிதழ்கள் 2021 முதல் வழங்கப்படுகின்றன. 2024-இல் திருத்திய ஐரோப்பிய அடையாளச் சட்டம், உறுப்பு நாடுகள் குடிமக்களுக்கு மின்னணு அடையாளப் பணப்பை தர வேண்டும் என்கிறது. நாளைக்கு மதிப்பெண்ணும் அதில் இருக்கலாம். இந்த செமஸ்டருக்கு நீங்கள் அதை நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்த வாரம் அயல் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்புகிறேன். என்ன செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்?

முதலில் உங்கள் கணக்கு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேளுங்கள். எம்ரெக்ஸுக்கு அங்கே தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். செமஸ்டர் முடிந்து சில வாரங்களிலேயே கணக்கை மூடிவிடும் இடங்கள் உண்டு, முடிவு வெளியாவதற்கு முன்பே! நீட்டிக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். இரட்டைச் சரிபார்ப்பு உள்ளூர் கைபேசி எண்ணுக்கு வருகிறது என்றால், அந்த சிம்மைத் தூக்கிப் போடுவதற்கு முன் வேறு வழிக்கு மாற்றிவிடுங்கள். நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாடத்திட்ட விளக்கங்களைப் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள், அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் மாறியிருக்கும். ஒவ்வொரு ஆசிரியரிடமும் மதிப்பெண்ணை எப்போது பதிவேற்றுவார் என்று கேளுங்கள். ஒருங்கிணைப்பாளரின் பெயரோடு அலுவலகத்தின் பொது மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர் விடுப்பில் போகலாம்.

முடிவு வெளியான அன்றே எம்ரெக்ஸ் வழியாகக் கொண்டுவந்துவிட்டு, சொந்தப் பல்கலைக்கழகத்தில் அங்கீகார விண்ணப்பத்தையும் அன்றே போடுங்கள். பல இடங்களில் அது தனி விண்ணப்பம், மதிப்பெண் வந்ததும் தானாகத் திறக்காது.